கைரேகையைக் காப்பது யார்?

மதுராந்தகம் வட்டாரத்தில் எந்த ரேஷன் கடைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். இப்படி ஒரு காட்சியைக் காணலாம்.

பையும் கையுமாகப் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். முன்னால் ஒரு மூதாட்டி. வயது எழுபதுக்கு மேல் இருக்கும். கார்டை நீட்டுகிறார்.

"ஆயா, கையை வைங்க" என்கிறார் கடைக்காரர்.

மூதாட்டி மெஷின் மீது கட்டைவிரலை வைக்கிறார். மெஷின் ஏற்கவில்லை.

"விழலையே ஆயா! இன்னொரு வாட்டி வைங்க."

முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் வைக்கிறார். மறுபடியும் அதே கதை.

"நாத்து நட்ட கைப்பா இது. களை பறிச்சே ரேகை தேஞ்சு போச்சு. அரிசி போடறதுக்கு ரேகை எதுக்கு?"

"சர்க்கார் கம்ப்யூட்டர்ல உங்க ரேகை இருக்குது ஆயா. அதோட இது ஒத்துப் போகணும்."

"என் ரேகை என் கையிலேயே தங்கலை. சர்க்கார்கிட்ட மட்டும் பத்திரமா இருக்குதா?"

வரிசையில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள்.

ஆனால், இது சிரித்துவிட்டுப் போகிற கேள்வி அல்ல. நாட்டின் மிகப் பெரிய நீதிபதிகள் ஒன்பது பேர் ஒன்றாக உட்கார்ந்து விசாரித்த வழக்கும், இந்தக் கேள்வியை ஒட்டி எழுந்ததுதான்!

என்னென்ன தெரியும்?

சர்க்காருக்கு ஒரு குடும்பத்தைப் பற்றி என்னென்ன தெரியும்?

குழந்தை பிறந்தால் பிறப்புப் பதிவு. பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் அங்கே ஒரு பதிவு. ஆஸ்பத்திரியில் தடுப்பூசி போட்டால் அது ஒரு கணக்கு. நிலம் வாங்கினால் பத்திரம். ஓட்டுப் போட வாக்காளர் பட்டியல். கடைசியில், இறந்தால் இறப்புப் பதிவு.

இவை போதாதென்று ஆதார் வந்தது. 2010 செப்டம்பர் 29-ந்தேதி, மராட்டிய மாநிலத்தில் உள்ள தெம்பிலி என்ற சின்னக் கிராமத்தில் முதல் ஆதார் எண் கொடுக்கப்பட்டது. இப்போது 130 கோடிக்கும் மேலான எண்கள் கொடுக்கப்பட்டு இருக்கின்றன. பெயர், பிறந்த தேதி, விலாசம், போட்டோ ஆகியவற்றோடு, பத்து விரல் ரேகைகளும் இரண்டு கருவிழிகளும் பதிவாகி உள்ளன.

தமிழ்நாட்டில் 2017-ம் ஆண்டு ரேஷன் கார்டு 'ஸ்மார்ட்' கார்டாக மாறியது. 2020-ம் ஆண்டு, கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. 2023-ல் மகளிர் உரிமைத் தொகைக்கு மனுப் போட்ட பெண்கள், குடும்ப வருமானம் எவ்வளவு, நிலம் எத்தனை ஏக்கர், மின்சாரம் எத்தனை யூனிட் என்பதை எல்லாம் எழுதிக் கொடுத்தார்கள்.

பக்கத்து வீட்டாருக்குத் தெரியாதது சர்க்காருக்குத் தெரியும். சில சமயம், பெற்ற பிள்ளைக்குத் தெரியாததும் தெரியும்!

ஓலையில் எழுதிய கணக்கு

சர்க்கார் குடிமக்களைக் கணக்கு எடுப்பது புதிய வழக்கமா? இல்லை.

செங்கல்பட்டுச் சீமையில் அது 250 ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது. ஆற்காடு நவாபிடம் இருந்து இந்தச் சீமை ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போனது. 1767 முதல் 1774 வரை, பர்னார்டு என்ற ஆங்கில அதிகாரி இங்கே ஊர் ஊராகக் கணக்கு எடுத்தார். ஏறத்தாழ 2,000 கிராமங்கள்! எந்த ஊரில் எத்தனை வீடுகள், யார் என்ன தொழில் செய்கிறார்கள், எத்தனை ஏரிகள், எத்தனை கோவில்கள், நிலம் எவ்வளவு என்று எல்லாம் எழுதப்பட்டன. ஊர்க் கணக்கர்கள் அவற்றை ஓலையில் எழுதினார்கள். அந்த ஓலைகளில் ஒரு பகுதி இன்றும் இருக்கிறது.

கம்பெனிக்கு அந்தக் கணக்கு எதற்கு? வரி வாங்கத்தான்!

ஆனால், அந்த ஓலைக்கும் இன்றைய கம்ப்யூட்டருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. 2,000 ஊர் ஓலைகளைத் திருட வேண்டுமானால் வண்டி கட்டிக்கொண்டு வரவேண்டும். திருடு போனால் மறுநாளே தெரிந்துவிடும். இன்று 50 லட்சம் பேரின் விவரம் ஒரு சட்டைப்பையில் அடங்கும். திருடன் எடுத்துக்கொண்டு போன பிறகும், அசல் அங்கேயே இருக்கும். திருடு போனதே தெரியாது!

லாபமும் உண்டு

அப்படியானால், சர்க்காருக்கு எந்த விவரமும் கொடுக்காமல் இருந்துவிடலாமா?

அதுவும் நடக்காது. யார் ஏழை என்று தெரியாமல் யாருக்கு அரிசி கொடுப்பது? யாருக்கு வயது அறுபது ஆயிற்று என்று தெரியாமல் யாருக்கு முதியோர் பென்ஷன் கொடுப்பது? மாமல்லபுரம் கடற்கரையில் புயல் வரப்போகிறது என்றால், எந்தக் குப்பத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் முன்கூட்டியே அழைத்துப் போக முடியும்.

போலிக் கார்டுகளை ஒழிக்கவும், இடையில் நிற்பவர்கள் பணத்தை அமுக்காமல் நேராகப் பாங்கிக்கு அனுப்பவும் இந்த எண் உதவுகிறது என்று சர்க்கார் சொல்கிறது. மகளிர் உரிமைத் தொகை ஒரு கோடிக்கும் மேலான பெண்களுக்கு, மாதம் 1,000 ரூபாய் வீதம், நேராகப் பாங்கிக் கணக்குக்குப் போனது. பட்டியல் இல்லாமல் இதைச் செய்திருக்க முடியாது.

சமையல் செய்ய நெருப்பு வேண்டும். அதே நெருப்பு கூரையில் பட்டால்?

பட்டியல் செய்த பாவம்

கூரையில் பட்ட கதைகளும் சரித்திரத்தில் உண்டு.

ஐரோப்பாவில் ஹாலந்து நாடு. அங்கே ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒரு பதிவு இருந்தது. பெயர், விலாசம், மதம் எல்லாம் அதில் ஒழுங்காக எழுதப்பட்டு இருந்தன. நல்ல நிர்வாகத்துக்காக நல்லவர்கள் எழுதிய பதிவு அது.

1940-ல் ஹிட்லரின் படை அந்த நாட்டைப் பிடித்தது. யூதர்கள் யார், எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று தேடவேண்டிய அவசியம் ஜெர்மானியருக்கு இல்லை. பதிவைப் பிரித்தார்கள், பெயர் கிடைத்தது! அந்த நாட்டில் இருந்த யூதர்கள் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் பேர். அவர்களில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள்.

1943 மார்ச் 27-ந்தேதி இரவு, ஆம்ஸ்டர்டாம் நகரின் பதிவு அலுவலகத்துக்குள் சில வீரர்கள் நுழைந்தார்கள். போலீஸ் உடையில் போய், பதிவேடுகளுக்கு வெடி வைத்தார்கள். ஆனால் ஒரு பகுதிதான் அழிந்தது. பிடிபட்டவர்களில் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். காகிதத்தை எரிக்க உயிரையே கொடுத்தார்கள்!

தமிழருக்கும் இந்த அனுபவம் உண்டு. 1983 ஜூலை மாதம், கொழும்பு நகரம் தீப்பற்றி எரிந்தது. கலகக்காரர்கள் கண்மூடித்தனமாக ஓடவில்லை. தமிழர் வீடு எது, தமிழர் கடை எது என்று தெரிந்து வந்தார்கள். அவர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்ததை நேரில் பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்தக் கலவரத்தைப் பற்றி எழுதிய பலரும் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஓட்டுப் போடுவதற்காக எழுதிக் கொடுத்த விலாசம் அது. வீட்டைக் கொளுத்துவதற்காகக் கொடுத்தது அல்ல!

இந்த இரண்டு கதைகளும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன. இன்று விவரம் வாங்குகிற சர்க்கார் நல்ல சர்க்காராகவே இருக்கலாம். நாளை அந்தப் பட்டியல் யார் கைக்குப் போகும்? அதை யாரும் சொல்ல முடியாது. ஆட்சி மாறும். அதிகாரி மாறுவார். பட்டியல் மட்டும் அப்படியே இருக்கும்.

இங்கே நடந்தவை

நம் நாட்டில் அவ்வளவு பெரிய கொடுமை நடக்கவில்லை. ஆனால் கசிவுகள் நடந்தன.

2017 ஏப்ரலில், ஜார்கண்ட் மாநில சர்க்காரின் இணையதளம் ஒன்றில் 10 லட்சத்துக்கும் மேலான முதியோர்களின் ஆதார் எண்கள் பகிரங்கமாகக் கிடந்தன. பென்ஷன் வாங்கியவர்கள் அவர்கள். திருடன் வந்து பூட்டை உடைக்கவில்லை. கதவே திறந்து கிடந்தது!

2018 ஜனவரியில், சண்டிகார் நகரின் 'டிரிபியூன்' பத்திரிகை ஒரு செய்தி போட்டது. 500 ரூபாய் கொடுத்தால், ஆதாரில் உள்ள பெயர், விலாசம் முதலிய விவரங்களைப் பார்க்க ஒருவர் வழி செய்து கொடுத்தாராம். ரேகைப் பதிவுகள் பத்திரமாக உள்ளன என்று ஆதார் ஆணையம் பதில் சொன்னது. அதோடு போலீசில் புகாரும் கொடுத்தது. அந்தப் புகாரில் செய்தியாளரின் பெயரும் இருந்தது! வீடு எரிகிறது என்று கூவியவர் மீதே புகாரா என்று பத்திரிகைக்காரர்கள் கண்டித்தார்கள்.

அதே ஆண்டு தெலுங்கானாவில் இன்னொரு வேடிக்கை. இல்லை, விபரீதம்! நிலப் பத்திரங்களில் விற்பவரும் வாங்குபவரும் ரேகை வைப்பார்கள் அல்லவா? அந்தப் பத்திர நகல்கள் சர்க்கார் இணையதளத்தில் இருந்தன. ஒரு ஆசாமி அவற்றில் இருந்து ரேகைகளை எடுத்தான். ரப்பர் முத்திரை போலச் செய்தான். அதை வைத்து, பிறர் பெயரில் செல்போன் 'சிம்' கார்டுகளை வாங்கினான்.

பூட்டுச் சாவி தொலைந்தால் பூட்டை மாற்றலாம். கட்டைவிரலை மாற்ற முடியுமா?

தமிழ்நாட்டிலும் புகார் எழுந்தது. 2021-ம் ஆண்டு, தமிழக ரேஷன் பதிவில் உள்ள 49 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் வெளியே போய்விட்டதாக ஒரு தனியார் பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. 2023 ஜூனில், கொரோனா தடுப்பூசிக்காகக் கொடுத்த டெலிபோன் எண்ணைச் சொன்னால், அந்த ஆளின் விவரங்களை 'டெலிகிராம்' செயலி மூலம் எடுக்க முடிந்தது என்ற செய்தி வந்தது. பதிவுகள் பத்திரமாக உள்ளன என்று மத்திய சர்க்கார் மறுத்தது. பிறகு பீகாரில் ஒருவரை டில்லி போலீசார் கைது செய்தனர்.

2024 மே மாதம், தமிழகப் போலீசாரின் முக அடையாளம் காணும் தளத்திலேயே யாரோ அத்துமீறி நுழைந்தார்கள். நிர்வாகியின் கணக்கு ஒன்றின் கடவுச்சொல் வெளியே போனதுதான் காரணம் என்று தெரிந்தது.

இவற்றில் பலவற்றைப் பார்த்தால் ஒன்று புரியும். கோட்டைச் சுவரை உடைத்து யாரும் வரவில்லை. காவல்காரனின் அசட்டையால் வந்தார்கள்!

வழக்குப் போட்ட முதியவர்

ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் முதன்மையானவர் யார் தெரியுமா? துடிப்பான வாலிபர் அல்ல. கர்நாடக ஐகோர்ட்டின் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி. 2012-ல் அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனபோது, அவருக்கு வயது 86!

அப்போது ஆதாருக்குச் சட்டமே கிடையாது. சட்டம் இல்லாமல் குடிமக்களின் ரேகையை எப்படி எடுக்கலாம் என்பது அவருடைய கேள்வி. சட்டம் 2016-ல்தான் வந்தது.

வழக்கு நடக்கும்போது, அந்தரங்கம் என்பது இந்தியக் குடிமகனின் அடிப்படை உரிமையா என்ற விவாதம் எழுந்தது. அடிப்படை உரிமை அல்ல என்று சர்க்கார் தரப்பு வாதாடியது. ஒன்பது நீதிபதிகள் விசாரித்தார்கள். 2017 ஆகஸ்டு 24-ந்தேதி தீர்ப்பு வந்தது. ஒன்பது பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: அந்தரங்கம் அடிப்படை உரிமையே!

ஆதார் பற்றிய தீர்ப்பு 2018 செப்டம்பர் 26-ந்தேதி வந்தது. ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர், ஆதார் செல்லும் என்றார்கள். ஆனால் கடிவாளம் போட்டார்கள். சர்க்கார் உதவித் தொகை, மானியம், வருமான வரி ஆகியவற்றுக்கு ஆதார் கேட்கலாம். பாங்கிக் கணக்குக்கும், செல்போன் எண்ணுக்கும், பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கவும் ஆதாரைக் கட்டாயம் ஆக்கக்கூடாது. ரேகை விழவில்லை என்பதற்காக, உரிமை உள்ளவருக்கு உதவியை மறுக்கக்கூடாது என்பதும் அந்தத் தீர்ப்பின் கருத்து.

ஐந்தாவது நீதிபதி சந்திரசூட், ஆதார் சட்டமே செல்லாது என்று தனித் தீர்ப்பு எழுதினார்.

புட்டசாமி 2024 அக்டோபரில், தமது 98-வது வயதில் காலமானார். ரேஷன் கடை மூதாட்டிக்கு அவர் பெயர் தெரியாது. ஆனால் ரேகை விழாவிட்டாலும் அரிசி உண்டு என்று அந்த மூதாட்டி தைரியமாகக் கேட்பதற்கு, அவர் போட்ட வழக்கும் ஒரு காரணம்.

புதிய சட்டம்

பிறகு, விவரங்களைக் காக்கத் தனிச் சட்டம் ஒன்று 2023 ஆகஸ்டில் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம் கொடுக்கப்பட்டது.

சட்டத்தில் நல்லது உண்டு. எதற்காக விவரம் வாங்குகிறோம் என்று சொல்லி வாங்கவேண்டும். தவறு இருந்தால் திருத்தச் சொல்லிக் கேட்கலாம். கசிவு ஏற்பட்டால், பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம்!

ஆனால் ஓட்டையும் உண்டு என்று சட்டம் தெரிந்தவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களைக் காட்டி, சர்க்கார் தன் இலாகாக்களுக்கு இந்தச் சட்டத்தில் இருந்து விலக்கு அளித்துக்கொள்ளலாம். விசாரிக்கும் வாரிய உறுப்பினர்களை நியமிப்பதும் மத்திய சர்க்காரே. கடைக்காரனுக்குத் தராசு முத்திரை கட்டாயம். தராசுக்கு முத்திரை போடுபவருக்கு மட்டும் சோதனை இல்லை என்றால் எப்படி?

இன்னொரு குறையும் சொல்லப்படுகிறது. இந்தச் சட்டத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் ஒரு திருத்தம் செய்தார்கள். தனிநபர் விவரம் என்று சொல்லி, அதிகாரிகள் பதில் தர மறுப்பது சுலபமாகிவிட்டது என்று அந்தச் சட்டத்தைப் பயன்படுத்துவோர் குறைப்படுகிறார்கள். சர்க்காருக்கு மக்களைப் பார்க்கும் கதவு அகலமாயிற்று. மக்களுக்குச் சர்க்காரைப் பார்க்கும் ஜன்னல் குறுகிற்று!

சர்க்கார் மனம் வைத்தால் ரகசியம் காக்க முடியாதா? முடியும். அதற்கும் இங்கேயே உதாரணம் இருக்கிறது. மக்கள் தொகைக் கணக்குச் சட்டம் 1948-ல் வந்தது. கணக்கு எடுக்க வருபவரிடம் ஒரு குடும்பம் சொன்ன பதிலை மற்றவர் பார்க்கக் கேட்க முடியாது. அந்தப் பதிவைக் கோர்ட்டில் சாட்சியமாகவும் வைக்க முடியாது என்பது பொது விதி. கணக்குக்காக வாங்கியது கணக்கோடு நிற்கவேண்டும். அந்த உறுதியை நம்பித்தான் மக்கள் வாய் திறந்து பதில் சொல்லி வந்தார்கள்.

வெளிநாட்டில் எஸ்டோனியா என்ற சின்ன நாடு இன்னும் ஒருபடி மேலே போனது. எந்த அதிகாரி தன் பதிவைத் திறந்து பார்த்தார் என்பதைக் குடிமகன் தன் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். காரணம் இல்லாமல் பார்த்திருந்தால், "ஏன் பார்த்தீர்?" என்று கேட்கலாம்.

உத்திரமேரூர்க் கல்

"ஏன்?" என்று கேட்பது எஸ்டோனியாவில் பிறந்த வழக்கம் அல்ல. மதுராந்தகத்தில் இருந்து சிறிது தூரத்தில் இருக்கிறது உத்திரமேரூர். அங்கே கோவில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 919, 921-ம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையில் ஊர் வாரியங்களுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதிகள் அவற்றில் உள்ளன. ஏரி வாரியமும் அவற்றில் ஒன்று.

அந்தச் சபையில் எல்லாருக்கும் இடம் இல்லை. நிலமும் படிப்பும் உள்ள ஒரு பிரிவினரின் சபை அது. ஆனாலும் அதில் ஒரு விதி இன்றும் பொன்னானது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர், மறுபடியும் அந்தப் பதவிக்கு வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது!

ஊர் ஏரியைப் பார்த்துக்கொண்டவருக்கே அப்படி ஒரு கட்டுப்பாடு. 130 கோடி மக்களின் ரேகையைப் பார்த்துக்கொள்பவருக்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும்!

வேடந்தாங்கலிலும் ஒரு பாடம் இருக்கிறது. அங்கே வரும் பறவைகளை ஆங்கிலச் சிப்பாய்கள் சுட்டார்கள். ஊரார் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் துரையிடம் போய் முறையிட்டார்கள். "இனிமேல் சுடமாட்டார்கள், போங்கள்" என்ற வாய்ச்சொல்லோடு அவர்கள் திரும்பவில்லை. பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கினார்கள். இது 18-ம் நூற்றாண்டின் கடைசியில் நடந்தது. பிறகு 1858-ல் அந்த உரிமையைப் புதுப்பித்தும் வாங்கினார்கள். துரை நல்லவர்தான். ஆனால் அவருக்குப் பின்னால் வருகிறவர்? அதனால்தான் எழுத்து!

வீட்டில் செய்யக்கூடியவை

சட்டத்தைத் திருத்துவது பாராளுமன்றத்தின் வேலை. ஆனால் வீட்டில் இருப்பவர்களும் செய்யக்கூடியவை சில உண்டு.

ஆதார் நகல் கேட்கிற இடத்தில் எல்லாம் கொடுத்துவிடக் கூடாது. எதற்கு என்று கேட்க வேண்டும். வேறு அடையாளச் சீட்டு போதுமா என்றும் கேட்கலாம். கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரிகிற, மறைக்கப்பட்ட ஆதார் ஒன்று உண்டு. ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் அதை எடுக்கலாம். பெரும்பாலான இடங்களுக்கு அது போதும்.

நகல் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், எந்த வேலைக்காகக் கொடுத்தது என்பதையும் தேதியையும் அதன் மேலேயே எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். ஜெராக்ஸ் கடைக்காரரின் செல்போனுக்குப் படமாக அனுப்பியிருந்தால், வேலை முடிந்ததும் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்ல வேண்டும். சரியாக வராத நகலை அங்கேயே போட்டுவிட்டு வரக்கூடாது.

ரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் ஆதாரில் உண்டு. வேண்டும்போது திறந்து கொள்ளலாம். ரேகை எங்கே எல்லாம் பயன்பட்டது என்ற பட்டியலையும் பார்க்கலாம். 1947 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தால் உதவி கிடைக்கும். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். செல்போனுக்கு வருகிற ரகசிய எண்ணை, பாங்கியில் இருந்து பேசுகிறேன் என்று சொன்னாலும், போலீசில் இருந்து பேசுகிறேன் என்று சொன்னாலும், யாருக்கும் சொல்லக்கூடாது.

2022 மே மாதம் ஒரு வேடிக்கை நடந்தது. கண்ட இடத்தில் ஆதார் நகல் கொடுக்காதீர்கள் என்று ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம் எச்சரித்தது. மக்கள் பயந்துவிடுவார்கள் என்று, இரண்டே நாளில் அந்த எச்சரிக்கை வாபஸ் ஆயிற்று! எச்சரிக்கை வாபஸ் ஆகலாம். எச்சரிக்கையாக இருப்பது வாபஸ் ஆகக்கூடாது.

கரையில் நின்றவர்கள்

மதுராந்தகம் ஏரியின் கதை ஊர் அறிந்தது. மழைக் காலத்தில் கரை உடைந்துகொண்டே இருந்ததாம். ஒரு பெருமழை இரவில், அதே பிளேஸ் துரை கரையைப் பார்க்கப் போனாராம். வில்லும் அம்புமாக இரண்டு பேர் கரையில் காவல் நின்றதைக் கண்டாராம். அன்று கரை பிழைத்தது. துரை, தாயார் சன்னதியைக் கட்டிக் கொடுத்தார். கோவிலில் உள்ள கல்வெட்டில் அவர் பெயர் இருக்கிறது. ராமருக்கு 'ஏரி காத்த ராமர்' என்ற பெயர் நிலைத்தது.

கோவிலில் விளக்கு ஏற்றிய கையோடு, ஊரார் மண்வெட்டியையும் எடுத்தார்கள். கரையில் எலிவளை இருக்கிறதா என்று பார்த்தார்கள். மதகு சரியாக மூடுகிறதா என்று பார்த்தார்கள். ராமர் மீது அவ்வளவு நம்பிக்கை வைத்தவர்களே, கரையைப் பார்க்காமல் விடவில்லை!

சர்க்காரை நம்பலாமா, கூடாதா? ஏரி வெட்டியவனை நம்பித்தான் ஊரே நீரைச் சேர்த்து வைக்கிறது. ஆனால், யார் மதகைத் திறந்தார், எவ்வளவு நீர் போயிற்று, எந்த வயலுக்குப் போயிற்று என்று கேட்கிற உரிமை ஊருக்கு உண்டு. அந்த உரிமை இருக்கிற வரையில் நம்பலாம். கேட்கக்கூடாது என்று சொல்லும் அன்று, கரையில் ஓட்டை விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

ரேஷன் கடையில் வரிசை நகர்கிறது. பேத்தியின் செல்போனுக்கு வந்த எண்ணைச் சொல்லி, மூதாட்டி அரிசியை வாங்கிவிட்டார். பையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போகிறபோது, ஒரு தரம் திரும்பிப் பார்க்கிறார்.

"ரேகையைப் பத்திரமா வைக்கச் சொல்லுப்பா, உங்க சர்க்காரை. அடுத்த மாசம் வந்து கேட்பேன்!"